காணொளியில் பார்த்த விஞ்ஞானம்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை யூடியூப்பிலும் பொதுவாசகருக்கான புத்தகங்களிலும் விஞ்ஞானம் படிப்பவர்கள் எழுதியவை. செய்துபார்த்துச் சரிவராமல் எழுதியவர்களுக்குத்தான் இடத்தைக் கூடுதலாக ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: மகன் தரம் 10 படிக்கிறார். பாடசாலை விட்டு வந்தால் இரவு வரைக்கும் விஞ்ஞான வீடியோதான். கெட்டது ஒன்றும் பார்க்கவில்லையே என்று விட்டுவிட்டேன். ஆனால் பார்த்தது என்னவென்று கேட்டால் "நல்ல வீடியோ உம்மா" என்பதற்கு மேல் ஒரு சொல் வருவதில்லை. டேட்டாவும் மாதம் பாதியிலேயே முடிகிறது. நிறுத்தவா, விடவா?
– தாய் ஒருவர், சம்மாந்துறை

பதில்: நிறுத்த வேண்டாம். பார்க்கிற முறையை மாற்றச் சொல்லுங்கள். நன்றாக எடுத்த காணொளியில் யோசிக்கிற வேலை முழுவதையும் பேசுபவரே செய்துவிடுகிறார். பார்ப்பவருக்கு எல்லாம் விளங்கியது போலவே இருக்கும். போனை வைத்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சாததற்குக் காரணம் அதுதான்.

ஒரு நாளைக்கு ஒரே தலைப்பு, பத்துப் பதினைந்து நிமிடக் காணொளி ஒன்று போதும். ஓடவிடுமுன் தலைப்பை வாசித்து, விடை என்னவாக இருக்கும் என்று கொப்பியில் இரண்டு வரி எழுத வேண்டும். பிழையாக எழுதினாலும் பரவாயில்லை, ஆனால் எழுதியே ஆகவேண்டும். பார்த்து முடிந்ததும் போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு வெற்றுத்தாளில் படம் கீறி விளக்க வேண்டும். எங்கே பேனை நிற்கிறதோ அந்த இடத்தை மட்டும் திரும்பப் பார்த்தால் போதும்.

ஓர் உதாரணம். மலையைத் தாண்டி வரும் காற்று ஏன் சூடாக வீசுகிறது என்று அல்ப்ஸ் மலையை வைத்து விளக்கும் காணொளிகள் நிறைய உண்டு. அது நமது கச்சான் காற்றின், அதாவது தென்மேற்குப் பருவக் காலத்தில் மலைநாட்டைத் தாண்டி இலங்கையின் கிழக்கில் வீசும் வறண்ட காற்றின், கதையேதான். அல்ப்ஸை விட்டுவிட்டு மகனை மலைநாட்டுக்குக் கணக்குப் போடச் சொல்லுங்கள். மேற்குக் கரையில் 27 பாகை செல்சியசில் இருக்கும் ஈரக்காற்று 2 கிலோமீற்றர் உயரம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முகில் உண்டாகும் வரை, முதல் அரைக் கிலோமீற்றரில், கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை வீதம் குளிர்ந்து 22 ஆகும். அதற்கு மேல் நீராவி ஒடுங்கி மழையாகிறது. ஒடுங்கும்போது மறைவெப்பம் வெளிவருவதால் குளிரும் வீதம் ஏறத்தாழ 5 பாகையாகக் குறையும். மீதி ஒன்றரைக் கிலோமீற்றரில் 7.5 பாகை குறைந்து, உச்சியில் 14.5. மழையை மேற்கிலேயே கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக நம் பக்கம் இறங்கும்போது 2 கிலோமீற்றரிலும் கிலோமீற்றருக்கு 10 பாகை வீதம் சூடேறி 34.5 ஆகிறது. யூன், யூலை நண்பகலில் முகத்தில் அடிக்கும் சூடு இதுதான். "இறங்கும் காற்று அமுக்கப்படுவதால் சூடாகிறது" என்பதோடு நின்றுவிடும் காணொளிகளே அதிகம். அது பாதி விடை. மழை பெய்யாவிட்டால், ஏறும்போது இழந்த வெப்பநிலையே இறங்கும்போது திரும்பக் கிடைக்கும். 27இல் தொடங்கியது 27இலேயே முடியும். இந்த ஓட்டையை மகன் தானாகக் கண்டுபிடித்துவிட்டால் அன்றைய படிப்பு முடிந்தது.

டேட்டா விஷயம்: காணொளியின் தரத்தை 360பியில் வையுங்கள். மணித்தியாலத்துக்குச் சுமார் 300 எம்பி போகும். 720பியில் அது 1 ஜிபியைத் தாண்டும். கரும்பலகை எழுத்துக்கு 360பி போதும். இன்னொன்று, கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெற்' (PhET) பாவனையாக்கங்கள், அதாவது திரையிலேயே செய்துபார்க்கும் பரிசோதனைகள். நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது; சில தமிழிலும் உண்டு. ஒருமுறை இறக்கிவைத்தால் இணைப்பு இல்லாமலே இயங்கும். மின்சுற்றைக் கையால் இணைத்து, மின்குமிழ் எரிகிறதா என்று பார்க்கும் பிள்ளைக்கு, அதைப் பற்றிப் பத்துக் காணொளி பார்த்த பிள்ளையை விடக் கூடுதலாக விளங்கும்.

கேள்வி: நான் உயர்தரம் பௌதிகவியல் படிக்கிறேன். தமிழ்நாட்டு யூடியூப் பாடங்கள் மிகத் தெளிவாக இருக்கின்றன. ஆனால் அந்தச் சொற்களை எழுதி மாதாந்தப் பரீட்சையில் புள்ளி குறைந்துவிட்டது. அவற்றைப் பார்க்காமல் விடுவதா?
– மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: பாருங்கள் தங்கச்சி, ஆனால் பக்கத்தில் ஒரு சொற்கொப்பி இருக்கட்டும். இரு கரையிலும் பௌதிகம் ஒன்றுதான். கலைச்சொற்கள்தான் வேறு வேறு வழியில் வளர்ந்துவிட்டன. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள்தான் 1930களில் சென்னையில் கலைச்சொல் தொகுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் என்பதை நினைக்கும்போது இந்தப் பிரிவு கொஞ்சம் மனதை உறுத்துகிறது. ஆனால் பரீட்சைத் தாளில் நமது பாடநூற் சொல்தான் நிற்கும்.

முற்றிலும் புதிய சொற்களால் ஆபத்தில்லை. முடுக்கம் என்றால் நமது ஆர்முடுகல், அதிர்வெண் என்றால் மீடிறன், தனிமம் என்றால் மூலகம், சவ்வூடு பரவல் என்றால் பிரசாரணம். கேட்டதும் புதிதாக இருப்பதால் நீங்களே தேடிப் பார்ப்பீர்கள். இரு கரையிலும் ஒரே சொல் வேறு பொருளில் வரும்போதுதான் புள்ளி போகிறது. முதலில் 'நிறை'. அங்கே அது கிலோகிராமில் அளப்பது, நமது திணிவு. இங்கே நிறை என்பது நியூட்டனில் அளக்கும் விசை. அவர்கள் அதை எடை என்பார்கள். "நிறை 5 கிலோகிராம்" என்று காணொளியில் கேட்டதை அப்படியே எழுதினால், நமது தாளில் அலகே பிழை. 5 கிலோகிராம் திணிவின் நிறை ஏறத்தாழ 49 நியூட்டன். அடுத்தது 'வேகம்'. அங்கே அது திசையில்லாத கணியம், நமது கதி. நமது வேகத்துக்கு அங்கே திசைவேகம். மூன்றாவது, ஒளியியலில் 'விலகல்'. அங்கே ஒளிவிலகல் என்பது நமது முறிவு. நமக்கு விலகல் என்றால் கதிர் முதற்பாதையிலிருந்து திரும்பும் கோணம். அரியத்தின் இழிவு விலகல் கணக்கில் இது மாறிப்போனால் கணக்கு முழுவதும் போய்விடும். 'அழுத்தம்' என்று அவர்கள் சொல்வது நமது அமுக்கம். 'திறன்' நமது வலு. 'ஆற்றல்' நமது சக்தி.

சொற்கொப்பியை மூன்று நிரலாகக் கோடிடுங்கள்: காணொளிச் சொல், நமது சொல், அலகு. மூன்றாவது நிரலை விட்டுவிடாதீர்கள். சொல்லில் சந்தேகம் வந்தால் அலகைப் பார்த்தே எது எதுவென்று பிடித்துவிடலாம். நமது சொல்லை உறுதிசெய்யத் தேசிய கல்வி நிறுவகத்தின் உயர்தர வளநூல்களும் பழைய வினாத்தாள்களும் இணையத்தில் தமிழில் இருக்கின்றன.

கேள்வி: தட்டில் நீர் விட்டு, நடுவில் மெழுகுதிரி கொளுத்தி, போத்தலால் மூடினால் நீர் மேலே ஏறுகிறது. "எரிந்த ஒட்சிசனின் இடத்தை நீர் நிரப்புகிறது, வளியில் ஐந்திலொரு பங்கு ஒட்சிசன் என்பதற்கு இதுவே சான்று" என்கிறது காணொளி. நான் செய்தபோது ஒருமுறை ஐந்திலொன்றை விடக் கூடவும் ஒருமுறை குறையவும் வந்தது. எங்கே பிழை?
– தரம் 9 மாணவன், வாழைச்சேனை

பதில்: உமது கையில் பிழை இல்லை தம்பி. பிழை விளக்கத்தில் இருக்கிறது. பழைய புத்தகங்கள் பலவற்றிலும் இதே விளக்கம்தான். கூடக்குறைய வந்ததை மறைக்காமல் எழுதியது மிக நல்ல பழக்கம்.

முதலில் கணக்கு. வளியில் ஒட்சிசன் 21 வீதம். மூடிய போத்தலில் அது ஏறத்தாழ 16 வீதத்துக்கு இறங்கும்போதே மெழுகுதிரி அணைந்துவிடும். ஆகவே செலவானது 5 வீதம் அளவுதான். அதுவும் வெறுமனே மறைந்துவிடுவதில்லை. மெழுகு எரியும்போது ஒட்சிசன் மூலக்கூறுகள் 38 செலவானால் காபனீரொட்சைட்டு மூலக்கூறுகள் 25 உண்டாகும். கூடவே உண்டாகும் நீராவி ஒடுங்கி நீராகிவிடும். கூட்டிக் கழித்தால், எரிவதால் குறையும் கனவளவு 2 வீதத்துக்கும் கீழே. பிறகு நீரை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றியது எது? சூடு. போத்தலுள் வளி சராசரி 80 பாகையில் இருந்து 30 பாகைக்குக் குளிர்ந்தால் கனவளவு சுமார் 14 வீதம் சுருங்கும். சூடு எவ்வளவு என்பது போத்தலைக் கவிழ்த்த வேகத்தையும் சுடரின் அளவையும் பொறுத்தது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் வேறு வேறு உயரம்.

இதை நீரே நிரூபிக்கலாம். வாய் அகன்ற 400 அல்லது 500 மில்லிலீற்றர் ஜாம் போத்தல் ஒன்று, விளிம்புள்ள தட்டு, நிறம் கலந்த நீர். தட்டில் 150 மில்லிலீற்றராவது நிற்க வேண்டும். 7 சென்ரிமீற்றர் விட்டமுள்ள போத்தலில் 1 சென்ரிமீற்றர் ஏறவே 38 மில்லிலீற்றர் போய்விடும். நீர் போதாவிட்டால் விளிம்பால் வளி புகுந்து எல்லாம் பிழைக்கும். போத்தலின் விளிம்புக்குக் கீழே மூன்று நாணயங்கள் வையும், நீர் உள்ளே போக வழி வேண்டும். மெழுகுதிரியை உருகிய மெழுகால் தட்டில் ஒட்டும். முதலில் ஒரு திரி, பிறகு அதே போத்தலில் மூன்று திரி. ஏறிய உயரத்தைப் பேனையால் குறித்துக்கொள்ளும். மூன்று திரிக்கு நீர் கூட ஏறும். போத்தலில் இருந்த ஒட்சிசன் இரண்டு முறையும் ஒன்றுதானே?

இரண்டு விடயங்களைக் கண்ணை எடுக்காமல் பாரும். கவிழ்க்கும்போது விளிம்பால் குமிழிகள் வெளியேறும்: சூடாகி விரிந்த வளி அது. அடுத்தது, சுடர் எரியும்போது நீர் அவ்வளவாக அசையாது. அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறும். ஒட்சிசன் செலவாவதுதான் காரணமென்றால் எரியும்போதே அல்லவா ஏற வேண்டும்? கடைசியாக மெழுகுதிரியே இல்லாமல் ஒருமுறை: போத்தலை இளஞ்சூட்டு நீராலும் பிறகு கைபொறுக்காத சூட்டு நீராலும் அலசி ஊற்றிவிட்டு உடனே கவிழும். அப்போதும் ஏறும். கொதிநீரை நேரே விட வேண்டாம், போத்தல் வெடிக்கும். வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி: பலூனைத் தலையில் தேய்த்தால் கடதாசித் துண்டுகளை இழுக்கும் என்று காட்டுகிறார்கள். மார்கழி விடுமுறையில் எத்தனை தேய்த்தும் ஒன்றும் நடக்கவில்லை.
– ஏறாவூர்

பதில்: அந்தக் காணொளிகள் பெரும்பாலும் குளிர்நாட்டில், சூடேற்றிக் காய்ந்துபோன அறைக்குள் எடுக்கப்பட்டவை. நமக்கு மார்கழியில் மழையும் வாடையும். பொருட்களின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து, உண்டாகும் மின்னேற்றத்தை உடனுக்குடன் கடத்திவிடும். தலையில் தேங்காயெண்ணெய் இருந்தால் இன்னும் மோசம். அரையங்குலப் பிவிசி குழாயில் ஒரு முழத்துண்டு எடுத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் அரை மணித்தியாலம் காயவிடுங்கள். கம்பளித் துணியை இஸ்திரிக்கையால் சூடாக்கி, சூடு ஆறுமுன் ஒரே திசையில் இருபது முறை தேய்த்து, நகத்தளவுக்கும் சிறிய ரிசூத் துண்டுகளிடம் பிடியுங்கள். இதே குழாயைக் கச்சான் வீசும் காலத்தில் நண்பகல் 12 முதல் 3 மணிக்குள் தேய்த்துப் பாருங்கள். வேறுபாடு அப்போது தெரியும்.

கேள்வி: எனக்கு வயது நாற்பத்திரண்டு. சாதாரண தரத்தோடு படிப்பு நின்றது. இப்போது விஞ்ஞானம் வாசிக்க ஆசை. குவாண்டம் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் வாங்கினேன், இருபது பக்கத்தில் களைத்துவிட்டேன். எதிலிருந்து தொடங்குவது?
– திருக்கோவில்

பதில்: குவாண்டத்தை முதற்புத்தகமாக எடுக்க வேண்டாம், ஐயா. அது கணிதத்தின் மேல் நிற்கும் துறை. கணிதத்தை எடுத்துவிட்டு எழுதும்போது உவமைதான் மிஞ்சும். உவமையை மட்டும் வைத்து இருபது பக்கத்துக்கு மேல் யாராலும் நடக்க முடியாது. நோய்க்கிருமிகள், பரிணாமம், நிலவியல், கடல், தாவரம் போன்றவற்றிலிருந்து தொடங்குங்கள். அவற்றில் சான்றுகளைக் கண்ணால் பார்க்க முடியும். எழுத்தாளர் சொல்லும் தர்க்கத்தை நீங்களே பின்தொடரலாம்.

வாங்குமுன் நான்கைந்து நிமிடம் செலவழித்துச் சிலவற்றைப் பாருங்கள். முதற்பதிப்பின் ஆண்டு, மொழிபெயர்ப்பென்றால் மூலநூலின் ஆண்டு. தமிழ்ப் பதிப்பு புதிதாக இருந்தாலும் உள்ளே இருப்பது முப்பது வருடப் பழசாக இருக்கலாம். பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டு போகிறது என்பது 1998இல்தான் தெரியவந்தது. புளூட்டோ 2006இல் கோள் பட்டியலிலிருந்து போனது. ஹிக்ஸ் துணிக்கை 2012இல் கண்டறியப்பட்டது. ஈர்ப்பலைகள் 2015இல் பதிவாகி 2016இல் அறிவிக்கப்பட்டன. மனிதனில் ஒரு லட்சம் பரம்பரையலகு (ஜீன்) என்று எழுதிய புத்தகம் 2000க்கு முந்தியது. புரதங்களுக்கானவை ஏறத்தாழ 20,000தான் என்று பிறகு தெரிந்தது. பழைய புத்தகம் என்பதற்காகத் தள்ள வேண்டாம். எந்தப் பக்கம் காலாவதியானது என்று தெரிந்து வாசித்தால் போதும். அட்டையில் 'குவாண்டம்' என்று போட்டு உள்ளே நோய் தீர்க்கும் வழி சொல்லும் புத்தகத்தை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

உவமை வரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அது எங்கே உடைகிறது என்று கேளுங்கள். ஐன்ஸ்டைனின் ஈர்ப்பை விளக்க, இறப்பர் விரிப்பில் கனமான பந்தை வைத்துக் குழியாவதைக் காட்டுவார்கள். அந்தப் பந்து குழி பண்ணுவதே பூமி அதைக் கீழே இழுப்பதால்தான். ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே கடன் வாங்கியாயிற்று. அதோடு, விரிப்பில் இடம் மட்டுமே வளைகிறது. தேங்காய் விழுவதற்குப் பிரதான காரணம் காலம் உயரத்துக்கு உயரம் வேறு வேறு வீதத்தில் ஓடுவதே. ஜிபிஎஸ் செய்மதிகளின் மணிக்கூடுகள் பூமியில் உள்ளவற்றை விட நாளுக்கு 38 மைக்ரோசெக்கன் முந்துகின்றன. அதைத் திருத்தாவிட்டால் ஒளி அந்த நேரத்தில் போகும் தூரமான 11 கிலோமீற்றர் அளவுக்குப் பிழை ஒரே நாளில் சேர்ந்துவிடும். இப்படி ஓர் எண்ணைக் கொண்டுவந்து வைக்கும் புத்தகத்தை நம்பி வாசிக்கலாம்.

மட்டக்களப்புப் பொது நூலகத்தில் எடுத்து வாசித்துப் பிடித்த பிறகு வாங்குங்கள். இலங்கைத் தமிழ் நூல்களும் பழைய சஞ்சிகைகளும் 'நூலகம்' இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

கேள்வி: ஆவணி 27ஆம் திகதி செவ்வாய்க் கோள் சந்திரனளவு தெரியும் என்று ஒவ்வொரு வருடமும் வட்ஸ்அப்பில் வீடியோ வருகிறதே?
– அக்கரைப்பற்று

பதில்: அந்தச் செய்தி உண்மையில் 2003 ஓகஸ்ட் 27 பற்றியது. அன்று செவ்வாய் 5.58 கோடி கிலோமீற்றருக்கு வந்தது உண்மை; ஏறத்தாழ 60,000 வருடங்களில் மிகக் கிட்டிய வருகை. அப்போதும் அதன் தோற்ற அகலம் 25 விற்செக்கன்தான் (விற்செக்கன் என்பது பாகையின் 3,600இல் ஒரு பங்கு), சந்திரனுடையது 1,800 அளவு. 75 மடங்கு பெருக்கும் தொலைகாட்டியில் பார்த்தால் வெறுங்கண்ணுக்குச் சந்திரன் தெரியும் அளவில் தெரியும் என்பதுதான் மூலச் செய்தி. பகிர்ந்தவர்கள் தொலைகாட்டியை விட்டுவிட்டார்கள். ஆண்டு போடாத விஞ்ஞானச் செய்தியைப் பகிராதீர்கள்.

கேள்வி: மட்டக்களப்பு வாவியில் இரவில் நீருக்குள் கேட்கும் ஒலியான பாடும் மீனைப் பதிவுசெய்ய, காணொளி ஒன்றைப் பார்த்து, அதிர்வை மின்சைகையாக்கும் 27 மில்லிமீற்றர் பீசோ தட்டில் நீரடி ஒலிவாங்கி செய்தேன். தட்டின் வயரை 3.5 மில்லிமீற்றர் பிளக்கில் பற்றவைத்துப் போனில் குத்தினேன். கல்லடிப் பாலத்தடியில் வாவிக்குள் இறக்கினால் என் குரலும் பாலத்து வாகனச் சத்தமும்தான் பதிவாகிறது.
– இளைஞர், கல்லடி

பதில்: உங்கள் போன் அந்தப் பிளக்கை மைக்காகக் கணக்கெடுக்கவே இல்லை. மைக் வழியில் சிறிய மின்னோட்டம் ஓடினால்தான் போன் "வெளியே மைக் இருக்கிறது" என்று எடுக்கும். பீசோ தட்டு நேரோட்டத்தைக் கடத்தாது. ஆகவே போன் தன் சொந்த மைக்கிலேயே பதிகிறது. பதிவை ஓடவிட்டு, தட்டையும் போனின் அடிப்பக்கத்தையும் நகத்தால் தட்டிப் பாருங்கள். எது பலமாகக் கேட்கிறது என்பதில் தெரிந்துவிடும்.

போன் ஏற்றுக்கொண்டாலும் அடுத்த சிக்கல் இருக்கிறது. இந்த அளவுத் தட்டின் கொள்ளளவம் சுமார் 20 நனோபரட்டு, போனின் மைக் வழித் தடை சுமார் 2 கிலோஓம். இரண்டும் சேர்ந்தால் 4,000 ஹேர்ட்சுக்குக் கீழுள்ள ஒலி மெலிந்துவிடும். மீன்கள் எழுப்பும் ஒலி பெரும்பாலும் சில நூறு ஹேர்ட்சில். தேடுகிற ஒலியையே சுற்று வெட்டிவிடுகிறது.

மருந்து ஒன்றுதான்: இடையில் ஜே201 போன்ற ஒரு ஜேஃபெற் (மூன்று காலுள்ள ஒரு வகைத் திரான்சிஸ்டர்). தட்டின் நடுவெள்ளி 'கேற்'றுக்கு. பித்தளை விளிம்பும் 'சோர்ஸ்' காலும் கிரவுண்டுக்கு. 'ட்ரெயின்' கால் மைக் வழிக்கு. கேற்றுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 1 மெகாஓம் தடை. இப்போது வெட்டும் எல்லை 8 ஹேர்ட்சுக்கு இறங்கிவிடும், போனும் மைக்கென்று எடுக்கும். ஜேஃபெற்றைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். புதிய போன்களின் பிளக்கில் நுனி இடது, அடுத்தது வலது, மூன்றாவது கிரவுண்ட், அடி வளையம் மைக். தட்டின் வெள்ளிப் பூச்சில் சோல்டர் முனை இரண்டு செக்கனுக்கு மேல் நிற்கக்கூடாது, பூச்சு உரிந்துவிடும். நகப்பூச்சு இரண்டு தடவை பூசிக் காய்ந்த பின் அரல்டைற் மெல்லியதாக. வினாகிரி மணக்கும் சிலிக்கன் பசையை நேரே பூசினால் செம்பைத் தின்றுவிடும். தட்டுக்கு ஒரு சாண் மேலே வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒன்று.

பாலத்தில் நின்று இறக்காதீர்கள்; வாகன அதிர்வு தூண் வழியாக நீருக்குள் இறங்கும். தோணியில் கொஞ்சம் தள்ளிப் போய், வயர் தோணி விளிம்பில் உரசாமல் இறப்பர் துண்டால் கட்டி, போனை விமானநிலைக்கு மாற்றி, இரைச்சல் குறைக்கும் வசதியில்லாத செயலியில் வேவ் கோப்பாகப் பதியுங்கள். எண்ணெய்ச் சட்டியில் பொரிவது போல ஒரு சத்தம் விடாமல் கேட்கும். அது சொடுக்கு இறால், இளஞ்சூடான ஆழமற்ற கடல்நீர் எங்கும் உண்டு. 1848இல் இங்கே தோணியில் போய்க் கேட்ட, அன்றைய பிரித்தானிய ஆட்சியின் அதிகாரி எமர்சன் ரெனன்ற், மீனவர்கள் காட்டியது ஊரி என்னும் ஓட்டு நத்தை என்று எழுதினார். மீனா, ஊரியா, வேறெதுவா என்பதற்குக் காணொளித் தலைப்பு சான்றாகாது. ஆகவே ஒவ்வொரு பதிவோடும் திகதி, நேரம், பூரணையிலிருந்து எத்தனையாம் நாள், நீரின் ஆழம், முகத்துவாரம் திறந்திருந்ததா என்பவற்றை எழுதிவையுங்கள். ஒன்றும் கேட்காத இரவுகளையும் அதே கொப்பியில் எழுதுங்கள். பதிவுகளை வெட்டாமல், ஒலியைக் கூட்டாமல் எங்களுக்கு அனுப்பினால் மீடிறன் வரைபடம் எடுத்து அடுத்த இதழில் போடுவோம்.